யாராவது சத்தம் போட்டால்

நந்தகோபால் அந்தப் பெட்டியை அணைத்தது தை ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. பின்னால் போலீஸ் கேட்டது, தொழிற்சாலை ஆய்வாளர் கேட்டார், சென்னையிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எல்லாருக்கும் இதே பதிலைத்தான் சொன்னான். நோட்டில் எழுதி வைத்திருந்தான். எதைத் தொட்டாலும் தேதி போட்டு எழுதி வைக்கிற கை அவனுடையது.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டில், வீடுகள் முடிந்து கரிசல் தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த மிளகாய் வத்தல் கிடங்கு. விளாத்திகுளம், நாகலாபுரம் பக்கமிருந்து வரும் வத்தல் மூட்டைகளை எடை போட்டு, ஆறு குளிர் அறைகளில் அடுக்கி வைத்து, கேட்பு வரும்போது எடுத்து அனுப்புவார்கள். குளிர் அறைகளை ஒட்டி நீளமாக ஒரு கூடம். அதில் சூப்பர்வைசரையும் சேர்த்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து காம்பு கிள்ளுவார்கள். கூடத்துக்கு எதிரே எடைமேடை ஆபீஸ். இரண்டுக்கும் நடுவில் லாரி திரும்புகிற வெற்றிடம், நாற்பது எட்டு வைத்தால் கடந்துவிடலாம். அந்த ஆபீசில் ஒன்பது வருஷமாக நந்தகோபால்தான் கம்ப்யூட்டர் பொறுப்பு. வயது நாற்பத்து மூன்று.

கம்பெனிக்கு இதுபோலப் பதினோரு ஊர்களில் கிடங்கு உண்டு. எல்லாம் ஒரு கையால் கட்டியதில்லை; வெவ்வேறு முதலாளிகளிடமிருந்து வெவ்வேறு வருஷங்களில் வாங்கிச் சேர்த்தது. ஒரு ஊரில் மூட்டைக்கு நம்பர் போட்டால் இன்னொரு ஊரில் லாரிக்கு நம்பர் போட்டார்கள். ஒரு இடத்தில் எடை தானாகக் கம்ப்யூட்டரில் ஏறும். இன்னொரு இடத்தில் ஒருவர் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் தட்டுவார். அந்தந்த ஊரில் அந்தந்த நேரத்துக்கு அகப்பட்ட ஆள், தனக்குத் தெரிந்த வழியில் எதையோ செய்து வைத்துவிட்டுப் போயிருந்தான். ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

போன ஆவணியில் இதையெல்லாம் ஒரே அமைப்பாக மாற்றுவது என்று தலைமை ஆபீசில் முடிவாயிற்று. அதற்காகச் சென்னையிலிருந்து யோகலட்சுமி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் தொங்கிய அட்டையில் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் என்று போட்டிருந்தது. வாட்ச்மேன் சீனி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஆர்க்கிடெக்ட்னா கட்டடம் கட்டுதவிய தானம்மா? பொறத்தால காம்பவுண்டு செவுரு சாஞ்சு கெடக்கு. அதையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க" என்றார். அவள் சிரித்தாள். ஆனாலும் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டினாள். கிடங்கில் இருக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு கட்டம். எது எதோடு பேசுகிறதோ அதற்கு ஒரு கோடு. நந்தகோபால் சொல்லச் சொல்ல அவள் வரைந்தாள். இரண்டு நாளில் தாள் கோழி கிளறின குப்பை மாதிரி ஆகிவிட்டது.

"கட்டம் பிரச்சனையே இல்ல சார், அத மாத்திடலாம்" என்றாள் அவள். "இந்தக் கோடுங்கதான். யார் எப்ப போட்டாங்க, எதுக்குப் போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது."

பழைய பதினான்கு கட்டங்களையும் எடுத்துவிட்டு, புதிதாக மூன்று மட்டும் வைக்க வேண்டும் என்பது திட்டம். நந்தகோபாலுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நம்பர் கொடுத்து, அதை அச்சடித்த ஸ்டிக்கரை அதன் மேல் ஒட்டினான். தராசு, மின்விசிறி, கதவு, தள்ளுவண்டி என்று முன்னூற்றுப் பன்னிரண்டு ஸ்டிக்கர். இனிமேல் ஏதாவது பழுதென்றால் போன் ஆப்பில் அந்த நம்பரைப் போட்டு எழுதினால் போதும், சென்னையிலேயே தெரிந்துவிடும். குளிர் அறைகளில் புதிதாக வெப்பமானி வைத்தார்கள். அதுவும் நேரே சென்னைத் திரைக்குப் போயிற்று. மார்கழி முடிவதற்குள் பதிமூன்று கட்டங்களுக்குக் கதை முடிந்துவிட்டது.

மிஞ்சியது ஒன்று. எடைமேடை ஆபீசில் மேசைக்கு அடியில், மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டர். திரை கிடையாது. தலையில் மார்க்கரால் 4 என்று எழுதியிருந்தது. அவன் வேலைக்குச் சேர்ந்தபோதே அது அங்கே இருந்தது. பின்னாலிருந்து இரண்டு வயர்கள் சுவருக்குள் போயின. ஒரு பச்சை விளக்கு மட்டும் எரியும். திரையை மாட்டிப் பார்த்தபோது கறுப்பில் ஒரு வரி மின்னிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அவன் மெயில் எழுதினான். நாலாம் நம்பர் மெஷினை யாராவது பயன்படுத்துகிறீர்களா என்று கிடங்கில் மெயில் வைத்திருந்த ஒன்பது பேருக்கும், சாத்தூர் ஆபீசுக்கும், சென்னைக்கும் போட்டான். பதில் இல்லை. ஒரு வாரம் கழித்து இன்னொன்று போட்டான். மேனேஜர் பூவனலிங்கம் மட்டும், "எனக்குத் தெரியாது நந்து, நான் வந்தே மூணு வருஷம்தான்" என்று வாயால் சொன்னார். பொங்கல் முடிந்ததும் மூன்றாவது மெயில்.

யோகலட்சுமி போனில் வந்தாள். "சார், எல்லா ஊர்லயும் இப்படி ஒண்ணு ரெண்டு மிஞ்சுது. அணைச்சு வைங்க. பதினஞ்சு நாள் பாப்போம். யாராவது சத்தம் போட்டா திரும்பப் போட்டுக்கலாம். யாரும் சத்தம் போடலைன்னா யாருக்கும் வேணாம்னு அர்த்தம். எல்லா கம்பெனியிலும் இதான் வழக்கம்."

வழக்கம் என்பது உண்மைதான். அவனும் கேள்விப்பட்டிருக்கிறான்.

மேசைக்கு அடியில் குனிந்து பொத்தானை அழுத்தினான். விளக்கு அணைந்தது. நோட்டில் நேரம் எழுதினான். பதினைந்து நாள் போயிற்று. ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. தை இருபத்தைந்தாம் தேதி வயர்களைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைப் பழைய இரும்புக்காரருக்குப் போகிற குவியலில் வைத்தான். சுவரில் இருந்த தாளில் கடைசிக் கட்டத்தைச் சிவப்பில் அடித்தான். யோகலட்சுமி கைதட்டுகிற பொம்மைப் படம் ஒன்றை அனுப்பினாள்.

மாசி இரண்டு, வெள்ளிக்கிழமை. பதினொன்றே முக்கால் மணிக்கு அவன் சென்னையோடு வீடியோ கூட்டத்தில் இருந்தான். கோவில்பட்டி முடிந்தது, அடுத்து சாத்தூர் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். திரையில் ஆறு குளிர் அறைகளும் ஆறு பச்சைச் சதுரங்களாகத் தெரிந்தன. அப்போது வெளியே யாரோ கத்துகிற சத்தம் கேட்டது. லாரிக்காரர்கள் சண்டை என்று நினைத்து ஜன்னலைச் சாத்த எழுந்தான்.

கத்தியது மாரிராஜ், கம்ப்ரசர் ஓட்டுகிறவன். முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வெளியில் முட்டி போட்டிருந்தான். "கேஸு! கேஸு! பொம்பளையாளுக உள்ள இருக்காவ!"

குளிரூட்டுவதற்கு அங்கே அமோனியா வாயு. கம்ப்ரசர் அறையில் ஒரு குழாயின் இணைப்பு விட்டுப்போய், வாயு சுவரிடுக்கு வழியாகக் கூடத்துக்குள் இறங்கியிருந்தது. கூடத்தில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. வத்தல் கிள்ளுகிற இடத்தில் கண் எரிவதும் தொண்டை கமறுவதும் தும்முவதும் நித்தம் உள்ளது. துண்டை மூக்கோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, "எவளோ ரொம்பக் காரமான மூடையப் பிரிச்சிருக்கா" என்று ஏசியிருக்கிறார்கள். எழுந்து ஓட வேண்டியது என்று புரிந்தபோது வாசல் தெரியவில்லை.

நந்தகோபால் ஓடினான். தொட்டியில் துண்டை முக்கி முகத்தில் சுற்றிக்கொண்டு சீனியும் அவனும் இரண்டு லாரி டிரைவர்களும் உள்ளே போனார்கள். கையில் அகப்பட்ட சேலையைப் பிடித்து இழுத்தார்கள். எத்தனை தடவை போனான் என்பது அவனுக்கு ஞாபகமில்லை. வெளியே சீனி எண்ணினார். பதினாலு. இன்னொரு ஆள் எங்கே, இன்னொரு ஆள் எங்கே என்று கத்தினார். கம்ப்ரசர் சுவரோரம், கடைசி மூலையில் இருந்தாள் சங்கரம்மாள். அந்தச் சுவர் சில்லென்று இருக்கும் என்பதால் எப்போதும் அங்கேதான் உட்காருவாள். வத்தல் குவியல் மேல் கவிழ்ந்து கிடந்தாள். நந்தகோபால் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். அவள் மூச்சு ரம்பம் அறுக்கிற மாதிரி இருந்தது.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியிலிருந்து திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் காலையில் சங்கரம்மாள் இறந்துபோனாள். ஐம்பத்திரண்டு வயது. இடைசெவலிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவள். கூடத்து சூப்பர்வைசர் தங்கமாரிக்கும் இன்னொரு பெண்ணுக்கும் கண்ணில் கட்டு. மற்றவர்கள் வாரத்துக்குள் வீட்டுக்கு வந்தார்கள்.

நந்தகோபாலை ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். மூக்கின் உள்தோல் வெந்திருக்கிறது, கொஞ்ச நாளைக்கு வாசனை தெரியாது, தானாக வந்துவிடும் என்றார் டாக்டர். வாசனை மட்டும் என்றில்லை. மனைவி வனிதா வைத்த சோற்றைத் தின்றான். குழம்பா ரசமா என்று கேட்டால் தட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. தண்ணீர் பிடிக்கப் போனால் செம்பு நிறைந்து கையில் வழிவதை நின்று பார்த்துக்கொண்டிருப்பான். வனிதா வந்து குழாயை மூடுவாள். அழுவான் என்று அவள் இரண்டு நாள் காத்திருந்தாள். அப்புறம் எரிந்து விழுவான் என்று காத்திருந்தாள். அவன் ஒன்றும் செய்யவில்லை. நேரத்துக்கு எழுந்தான், குளித்தான், சட்டை போட்டான்.

அவனுக்கு ஒரு விஷயம் மட்டும் அரித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் ஏன் ஒரு எச்சரிக்கை மணி இல்லை? ஆய்வாளர் முதல் நாளே அதைத்தான் கேட்டார். பூவனலிங்கம் பழைய காகிதக் கட்டுகளைப் புரட்டியபோது அகப்பட்டது: பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வாயுக் கசிவு மணி ஒன்று பொருத்தப்பட்டது, எலக்ட்ரீஷியன் சுடலைமாடன் என்று கையெழுத்து. சுடலைமாடன் இப்போது மஸ்கட்டில் இருந்தான். நம்பர் தேடி நந்தகோபால் வாட்ஸாப்பில் கூப்பிட்டான்.

"ஆமா அண்ணாச்சி, நாந்தான் மாட்டுனேன்" என்றான் சுடலைமாடன். "கம்ப்ரசர் ரூம்ல மோப்பம் பிடிக்குத கருவி. அதுலேர்ந்து வயரு எடமேடை ஆபீசுக்கு. அங்கன ஒரு கம்ப்யூட்டர் வச்சு, அதுலேர்ந்து கூடத்து ஹாரனுக்கு, சங்குக்கு."

"ஆபீசுல ஏன்டே கொண்டு வச்ச?"

"அந்த ரூம்லதான யுபிஎஸ் இருந்துச்சி. கரண்டு போனா சங்கு நிக்கக் கூடாதுல்லா? ஒரு மாசத்துக்குத்தான், தனியா பேட்டரி வாங்கித் தாரோம்னு அப்ப இருந்த மேனேஜர் சொன்னாவ. பெறவு நான் வெளிநாட்டுக்கு வந்துட்டேன்." அப்புறம், "இப்ப வேற மாத்தியாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

நந்தகோபால் அதற்கு என்ன சொன்னான் என்று அவனுக்கே நினைவில்லை. போன் கையில் இருந்தது. பழைய இரும்புக் குவியலுக்குப் போய்ப் பார்த்தான். பெட்டி போய்விட்டிருந்தது. கூடத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தான். உத்தரத்துக்குக் கீழே, ஒட்டடை படிந்து அந்த ஹாரன் இருந்தது. அதை ஒன்பது வருஷமாகப் பார்த்திருக்கிறான். ஆயுதபூஜைக்குப் பாட்டுப் போட எப்போதோ கட்டிய குழாய் என்று நினைத்து, ஏணி எடுத்துவர சோம்பல்பட்டு, ஸ்டிக்கர் ஒட்டாமல் விட்டிருந்தான்.

தெரிந்ததை அன்றைக்கே எழுதிச் சென்னைக்கும் ஆய்வாளருக்கும் அனுப்பினான்.

சென்னை விசாரணை வீடியோவில் நடந்தது. திரையில் ஒன்பது முகங்கள். குளிர் அறை பார்க்கிறவர் தன் பங்கு சரியாக ஓடியது என்று காட்டினார். நெட்வொர்க் பார்க்கிறவர் தன் பங்கைக் காட்டினார். வெப்பமானி வாங்கித் தந்தவர், வாயு மணி எங்கள் பட்டியலில் இல்லை என்று பட்டியலைக் காட்டினார். எல்லாரும் சொன்னது மெய். கடைசியில் ஒரு வாக்கியம் எழுதினார்கள்: ஆவணப்படுத்தப்படாத ஒரு இணைப்பே விபத்துக்குக் காரணம்.

"நந்தகோபால், உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றார் நடுவில் இருந்த பெரியவர். "மூணு மெயில் போட்டிருக்கீங்க. பதினஞ்சு நாள் காத்திருந்திருக்கீங்க. முறைப்படிதான் செஞ்சிருக்கீங்க."

"சரிங்க சார்" என்றான்.

அன்று சாயங்காலம் யோகலட்சுமி கூப்பிட்டாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றான்.

"நான் சொல்லித்தானே சார் அணைச்சீங்க."

"ஆமாம்மா."

வெகுநேரம் இரண்டு பக்கமும் போன் திறந்தே இருந்தது. அப்புறம் அவளாகவே வைத்துவிட்டாள்.

பதினாறாம் நாள் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் இடைசெவலுக்கு பஸ் ஏறினான். போக வேண்டாம், அடிப்பார்கள் என்று பூவனலிங்கம் சொல்லியிருந்தார். அவர் மேல் கேஸ் பதிவாகி, ஜாமீனில் இருந்தார். அடிப்பார்கள் என்றதும் நந்தகோபாலுக்குப் பயமாக இல்லை. அடித்தால் தேவலாம் என்றும் தோன்றவில்லை. போக வேண்டும், போனான்.

சங்கரம்மாளுக்கு ஒரே மகள், இசக்கிச்செல்வி. கோவில்பட்டியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. இருபத்தாறு வயது. வாசலில் உளுந்தங்கொடி காய்ந்துகொண்டிருந்தது. அவள் முறத்தோடு எழுந்து, யார் என்று தெரிந்ததும் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

"எங்கம்மாவத் தூக்கிட்டு வந்தது நீங்கதான்னு சொன்னாவ."

"ஆமா." அவன் உட்காரவில்லை. "சங்கு அடிக்காமப் போனதுக்கும் நாந்தான் காரணம். அந்தப் பெட்டிய அணைச்சது நான். எதுக்குன்னு தெரியாம அணைச்சேன். எல்லார்ட்டயும் கேட்டேன். ஒருத்தரும் வேணும்னு சொல்லல."

அவள் அவனையே பார்த்தாள். "எல்லார்ட்டயும்னா?"

"மெயில் போட்டேன். மூணு தடவ."

"எங்கம்மாவுக்கு ஏது மெயிலு?"

அவள் குரலை உயர்த்தவில்லை. முறத்தில் இருந்த உளுந்தில் கல்லைத் தேடிக்கொண்டே சொன்னாள்.

"கரண்டு போயிட்டுத் திரும்பி வந்தா அந்தச் சங்கு ஒருக்க கீச்சுன்னு கத்துமாம். அவியளுக்கெல்லாம் தெரியும். எலக்ட்ரீசியன் அண்ணன் மாட்டும்போதே சொல்லியிருக்காவ, இது கத்துனா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடணும்னு. தைப் பாதியில கரண்டு வந்தும் அது கத்தலயாம். எங்கம்மா சாப்பிடும்போது சொன்னா. 'ஏட்டி, சங்கு செத்துப்போச்சி போலருக்கு, தங்கமாரிகிட்ட சொல்லியிருக்கேன்'னா."

"தங்கமாரிகிட்ட சொன்னாவளா?"

"சொன்னாளே. தங்கமாரியக்கா போன்ல ஏத்துதேன்னு சொல்லியிருக்கு." முறத்தைக் கீழே வைத்தாள். "ஒரு நா நீங்க கூடத்துக்குள்ள வந்து கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி? பதினஞ்சு பேரு அங்கனதான இருந்தாவ."

அவன் வரட்டுமா என்று கேட்டான். அவள் தலையை அசைத்தாள். பஸ்ஸில் கோவில்பட்டி வந்தபோது இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டான். திரும்பி நடந்து நேரே கிடங்குக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை. கூடத்துக்குச் சீல் வைத்திருந்தார்கள், ஆபீஸ் மட்டும் திறந்திருந்தது.

புகார் ஆப்பில் வந்தவை, முடிந்தவை என்று இரண்டு பட்டியலைத்தான் அவன் தினம் பார்ப்பான். மூன்றாவதாக ஒன்று இருந்தது, நிராகரிக்கப்பட்டவை. அதை அவன் ஒரு நாளும் திறந்ததில்லை. தப்பாகத் தட்டியவை அங்கே போய் விழும் என்று நினைத்திருந்தான். திறந்தான். தை பதினேழு, வியாழக்கிழமை, காலை ஒன்பது பதினெட்டு. தங்கமாரி. "சங்கு கூவல. பாக்கவும்." அதற்குக் கீழே சிவப்பில்: பொருள் எண் இல்லை. ஏற்கப்படவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் ஒன்று. "கூடத்து மேல இருக்க சங்கு. நம்பர் ஒட்டல." அதுவும் ஏற்கப்படவில்லை.

பெட்டியை அணைத்து எட்டாம் நாள். காத்திருப்பதாகச் சொன்ன பதினைந்து நாளுக்குள்ளேதான். அவன் அந்த இரண்டு வரிகளையும் நோட்டில் எழுதிக்கொண்டான். எழுத்து எப்போதும் போல அழகாகவே விழுந்தது.

யோகலட்சுமியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினான்.

"அந்த ரூல் நான் போட்டது சார்" என்றாள் அவள். "நம்பர் இல்லாம யாரும் கண்டதையும் எழுதிடக் கூடாதுன்னு. ஒரே பொருளை ஆளுக்கொரு பேர் சொன்னா கணக்கு குழம்பிடும்னு."

"நம்பர் ஒட்டாம விட்டது நான்."

"என்ன செய்யப்போறீங்க?"

"ஆய்வாளர்ட்ட கொடுக்கப்போறேன்."

"கொடுங்க. என் பேரையும் எழுதிடுங்க. நானும் தனியா ஒண்ணு எழுதறேன்."

திங்கட்கிழமை அவன் இரண்டு பக்கம் எழுதி, புகார்த் திரையின் படங்களை இணைத்து, ஆய்வாளர் ஆபீசில் நேரில் கொடுத்தான். அங்கே முத்திரை குத்தி நகல் தந்தார்கள். கம்பெனிக்கும் ஒரு நகல் அனுப்பினான். அங்கிருந்து வக்கீல் ஒருவர் கூப்பிட்டு, இது தேவையில்லாத வேலை, உங்களைத்தான் இதில் சேர்த்துக்கொள்கிறீர்கள் என்று பொறுமையாக விளக்கினார். நந்தகோபாலும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரியில் தங்கமாரிக்கு ஒரு கட்டு அவிழ்த்திருந்தார்கள். வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அவன் போய் நின்றதும் குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, சங்கரம்மாக்கா எங்கிட்ட சொன்னா. நான் போன்ல ஏத்துனேன். அது போகவே இல்ல. நான்தான் தப்பாத் தட்டிட்டேன் போலன்னு விட்டுட்டேன். ஆபீசுக்கு நடந்து வந்து சொல்லியிருக்கலாம். இனிமே எல்லாம் போன்லதான் சொல்லணும், ஆபீசுக்கு வரக் கூடாதுன்னு சொல்லியிருந்தாவளா, அதான்."

"நீங்க சரியாத்தான் தட்டியிருக்கீய. நான் பாத்துட்டேன். ரெண்டு தடவையும் வந்திருக்கு."

"வந்துச்சா?"

"வந்துச்சி. நாங்கதான் எடுத்துக்கிடல."

தங்கமாரி தலையணையைத் தடவி மறுபடி படுத்துக்கொண்டாள். "வந்துச்சா" என்று இன்னொரு தடவை தனக்குள் சொன்னாள். கட்டு நனையக் கூடாது என்று நர்ஸ் வந்து அதட்டினாள்.

சித்திரையில் முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. சென்னை அறிக்கையில் இருந்த வாக்கியத்துக்குப் பின்னால், தங்கமாரியின் புகார்களைப் பற்றி இன்னும் இரண்டு வாக்கியம் சேர்ந்தது. ஆப்பில் எண் தெரியாவிட்டாலும் புகார் எழுதலாம் என்று மாற்றினார்கள். பதினோரு கிடங்குகளிலும் மணி தனியாக, தன் பேட்டரியோடு மாட்டப்பட்டது. யோகலட்சுமி வேலையை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டான். எங்கே போனாள் என்று தெரியவில்லை. வழக்கு கோர்ட்டில் இருந்தது. சாட்சிப் பட்டியலில் நந்தகோபால் பெயர் இருந்தது. அவனைப் பற்றிக் கம்பெனி எதுவும் சொல்லவில்லை. ஒரு தாள் மட்டும் வந்தது, மணியாச்சி கிடங்குக்கு மாற்றம், ஸ்டாக் பொறுப்பு, கம்ப்யூட்டர் கிடையாது.

கோவில்பட்டியிலிருந்து மணியாச்சிக்கு ரயில். ஸ்டேஷனிலிருந்து கிடங்குக்குக் கருவேலங்காட்டுக்கு நடுவில் ஒத்தையடிப் பாதை, பதினைந்து நிமிஷம். அவன் போனான், வந்தான். மூட்டை எண்ணினான். கூட வேலை பார்த்தவர்கள் நல்ல மாதிரி. யாரும் பழையதைக் கேட்கவில்லை. வாசனை திரும்பிவிட்டது என்பதை ஒரு நாள் ரயிலில் யாரோ கொய்யாப்பழம் பிளந்தபோது கவனித்தான். அதில் சந்தோஷம் என்று ஒன்றும் இல்லை. கொய்யா வாசனை வந்தது, அவ்வளவுதான்.

வைகாசியில் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது வனிதா, "என்னங்க இது?" என்றாள். இடது செருப்பின் உள்பக்கம் கறுத்து ஒட்டிப் போயிருந்தது. காய்ந்த ரத்தம். திருப்பிப் பார்த்தால் கருவேல முள் ஒன்று அடியிலிருந்து ஏறி, உள்ளே ஒடிந்திருந்தது. ஒரு பாதி செருப்பில், மறு பாதி காலில்.

"எப்ப குத்துச்சி?"

"தெரியல. காலைல இருக்கும்."

"நாள் பூரா இதோடயா நடந்தீங்க? வலிக்கலையா?"

"இல்ல."

அவள் அவனை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே தரையில் உட்கார்ந்து, காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வெந்நீரால் துடைத்தாள். ஊக்கைத் தீயில் காட்டி, குதிகாலில் தோலை மெல்லக் கிளறினாள். முள் ஆழமாகப் போயிருந்தது. வெளிச்சம் போதாமல் அவனையே டார்ச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவன் பிடித்தான். ஊக்கு இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

வெளிச்சம் ஆடியது. வனிதா நிமிர்ந்தாள்.

"வலிக்கா?"

"வலிக்கு" என்றான்.

"சரி" என்றாள் அவள். காலை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.